"அவர் துவக்குத் தூக்கினவர், நீங்கள் பொம்பிளை": ஒரு பிரதேச சபை உறுப்பினரின் கடிதத்துக்குப் பதில்

திருகோணமலை மாவட்டத்தில் ஒரு பிரதேச சபையில் பட்டியல் உறுப்பினராக (வட்டாரத்தில் வெல்லாமல், கட்சிப் பட்டியல் வழியாக வந்தவராக) இருக்கும் 36 வயதுச் சகோதரி ஒருவர் பத்துப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஊர், கட்சி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2008இல் வன்னியில் பெரியம்மா வீட்டில் தங்கி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது அவரைப் புலிகள் இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. ஒன்றரை வருடத்துக்கும் குறைவான காலம், அதில் பெரும்பகுதி மருத்துவப் பிரிவில். 2009 மே மாதம் இராணுவத்திடம் சரணடைந்து, வவுனியாவில் ஒரு வருடம் புனர்வாழ்வு முடித்து ஊர் திரும்பினார். அதற்குப் பிறகு மாதர் சங்கம், சிறுகடன் பிரச்சினை, குடிதண்ணீர்ப் பிரச்சினை என்று ஓடி ஓடி வேலை செய்தவர். 2025 தேர்தலில் கட்சி அவரைப் பட்டியலில் போட்டது. இப்போது தவிசாளர் பதவி விலகிவிட்டார், சில வாரங்களில் புதியவரைத் தெரிவு செய்ய வேண்டும், கட்சிக்குள்ளேயே சிலர் இவருடைய பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன நாளிலிருந்து இரண்டு பக்கத்திலிருந்தும் இடி.

ஒரு பக்கம், அதே கட்சியின் மூத்த வட்டார உறுப்பினர் ஒருவர். 84இல் இந்தியாவில் ஆயுதப் பயிற்சி எடுத்ததாகவும் களத்தில் நின்றதாகவும் மேடைக்கு மேடை சொல்பவர். "போராடினவனுக்குத்தான் தலைமை" என்பது அவருடைய வாதம். அந்த வருடங்களில் அவர் சவூதியில் வேலை செய்தார் என்று ஊர்ப் பெரியவர்கள் இவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மறுபக்கம், கோயில் பரிபாலன சபைத் தலைவர், பெண் தவிசாளரானால் திருவிழாவில் காளாஞ்சி என்ற கோயில் மரியாதை கொடுக்க முடியாது, சாத்திரம் இடம் தராது என்கிறார். சபையில் இருக்கும் முஸ்லிம் உறுப்பினர்கள் இருவரும் பள்ளிவாசல் பக்கம் இதை விரும்பாது என்று தயங்குகிறார்கள். இதற்கிடையில், சீருடையில் இவர் நிற்கும் பழைய படம் ஒன்று கெட்ட குரல் பதிவோடு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கணவர் "விட்டிடு" என்கிறார். சகோதரியின் கேள்விகள் நான்கு: என் கடந்த காலத்தால் பதவிக்குத் தடை உண்டா, கோயில் சபைக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமா, அந்த ஐயாவின் பொய்யை நான் வெளியே சொல்லட்டுமா, இல்லை ஒதுங்கிவிடட்டுமா.

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். "அவருக்கு அது வீரம், எனக்கு அது கறை, அக்கா" என்று எழுதியிருந்தீர்கள். நீதிமன்றத்தில் இத்தனை வருடம் நின்றும் இந்த விஷயத்தை இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. உங்கள் நான்கு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது இந்த வரிதான் என்று நினைக்கிறேன், அதனால் சட்டத்துக்குப் போகுமுன் இதைக் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

ஆயுதம் தூக்கிய ஆண் அரசியலுக்கு வருவது திருகோணமலைக்குப் புதிதில்லை. 1988 டிசம்பரில் வடக்கு கிழக்கு மாகாண சபையின் முதலமைச்சராக வரதராஜப்பெருமாள் இங்கிருந்துதான் ஆட்சி நடத்தினார், ஒரு காலத்து ஆயுத இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர். 2008இல் கிழக்கு மாகாணத்தின் முதல் முதலமைச்சராக வந்த பிள்ளையானும் இயக்கத்தில் இருந்தவர்தான். அரசாங்கப் பக்கமும் இதே கதை: 2006 தொடக்கம் 2015 வரை எங்கள் மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற ரியர் அட்மிரல். இவர்கள் யாரிடமும் "உங்கள் ஒழுக்கம் எப்படி, முகாமில் யாரோடு இருந்தீர்கள்" என்று ஒருவரும் கேட்டதில்லை. இயக்கத்தில் பெண்களுக்குத் தனிப் படையணிகளே இருந்தன, ஆண்கள் நின்ற இடத்தில் அவர்களும் நின்றார்கள். ஆனால் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது ஆண் "முன்னாள் போராளி", பெண் "அங்க இருந்து வந்தவள்". கலியாணப் பேச்சிலிருந்து கடன் விண்ணப்பம் வரை இந்த வித்தியாசத்தை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, போர் அனுபவம் தலைமைக்கு உண்மையிலேயே தகுதியா? எங்கள் சனத்தின் வாக்கையே பாருங்கள். 2010 ஜனவரியில் சரத் பொன்சேகா ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது திருகோணமலை மாவட்டத்தில் மகிந்தவைவிட அவருக்குத்தான் அதிக வாக்கு. இராணுவத் தளபதியாக இருந்தவர் என்ற மதிப்பில் எங்கள் சனம் போடவில்லை, சம்பந்தன் ஐயாவின் கட்சி கேட்டது, மற்றவரை அனுப்ப வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது, போட்டார்கள். அதே பொன்சேகா பீல்ட் மார்ஷல் பட்டத்தோடு 2024இல் மறுபடி நின்றபோது நாடு முழுவதும் கிடைத்தது சுமார் 22,000 வாக்கு. போரை வென்ற தலைவர் என்று சுவரெல்லாம் படம் ஒட்டப்பட்ட மகிந்த ராஜபக்ச, 2022 மே மாதம் எங்கள் ஊர்க் கடற்படை முகாமுக்குள் தங்க நேர்ந்தது, வாசலில் சனம் கூடி நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எரிபொருளும் பால்மாவும் இல்லாத வீட்டுக்குப் போர்ப் பதக்கம் ஒன்றும் செய்யவில்லை. இன்னொன்று, அரசியலமைப்புப்படி முப்படைகளின் தலைமைத் தளபதி ஜனாதிபதிதான். சந்திரிகா 1994இலிருந்து 11 வருடம் அந்த இடத்தில் இருந்தார், ஒரு நாளும் துவக்குத் தூக்கியதில்லை, அந்தப் போர் எங்களுக்கு என்ன செய்தது என்பது வேறு வலி, ஆனால் "சீருடை போடாத பொம்பிளை" என்று எந்தத் தளபதியும் அவருடைய கட்டளையை மறுக்கவில்லை. நாட்டின் படைக்கே அந்தத் தகுதி கேட்கப்படாதபோது, வடிகானும் தெருவிளக்கும் சந்தையும் மயானமும் பார்க்கிற பிரதேச சபைக்கு எதற்கு?

உங்கள் கடந்த காலம் தடையா

இல்லை. புனர்வாழ்வு என்பது தண்டனைத் தீர்ப்பு கிடையாது, எந்த நீதிமன்றமும் உங்களைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. உங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறது, வேட்புமனு ஏற்கப்பட்டது, உறுப்பினராகச் சத்தியம் செய்தீர்கள். பட்டியலில் வந்தவர் தவிசாளராக முடியாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள், அதுவும் பிழை. பட்டியல் உறுப்பினரும் முழு உறுப்பினர்தான், வட்டாரத்தில் வென்றவருக்கு இருக்கிற அதே வாக்கு, அதே உரிமை.

ஆனால் நீங்கள் நம்பியிருக்கும் ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டும். பெண்களுக்கான 25 சதவீதச் சட்டம் தவிசாளர் பதவிக்கும் உதவும் என்று நினைக்கிறீர்கள். அந்த ஒதுக்கீடு சபையின் மொத்த உறுப்பினர்களுக்குத்தான், 2018 பெப்ரவரித் தேர்தலில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 சதவீதம்கூட இல்லை. கதவைத் திறந்துவிட்டது சட்டம், கதிரையை ஒதுக்கித் தரவில்லை. உங்கள் சபையில் எந்தக் கட்சிக்கும் பாதி உறுப்பினர் இல்லை என்கிறீர்கள், ஆகவே உள்ளூராட்சி ஆணையாளரின் தலைமையில் உறுப்பினர்கள் வாக்களித்துத்தான் தெரிவு நடக்கும். அந்த வாக்கு பகிரங்கமா இரகசியமா என்பதையும் உறுப்பினர்களே பெரும்பான்மையால் தீர்மானிப்பார்கள். இது சின்ன விஷயம் இல்லை. 2025 ஜூனில் கொழும்பு மாநகர சபை இரகசிய வாக்கெடுப்பில்தான் ஒரு பெண்ணை, விராய் கெலீ பல்தசாரை, மேயராகத் தெரிவு செய்தது. பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் பயந்து தயங்குகிற உறுப்பினருக்கு இரகசிய வாக்கு ஒரு மூச்சு. அதை முன்மொழிய ஒருவரை இப்போதே பேசி வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கோபத்தில் கட்சியின் முடிவுக்கு எதிராகச் சபையில் போட்டியிட்டு, கட்சி உங்களை நீக்கினால், கட்சி உறுப்புரிமையோடு சபை ஆசனமும் போகும். நீக்கத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்தான், ஆனால் அது காசும் காலமும் தின்னும் வேலை. சண்டை முழுவதையும் முதலில் கட்சிக்குள் பிடியுங்கள், வாயால் இல்லை, எழுத்தால்.

கோயில் சபையும் உயர் நீதிமன்றமும்

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையை நீங்கள் வாசித்திருக்கிறீர்கள், சந்தோஷம். பால் அடிப்படையில் பாரபட்சம் கூடாது என்று 12(2) சொல்கிறது, பெண்களின் முன்னேற்றத்துக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று 12(4) சொல்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மீறல் மனு, அரசாங்கத்தின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான். கோயில் பரிபாலன சபைத் தலைவர் தன் அபிப்பிராயத்தைச் சொன்னதற்கு எதிராக அந்த வழியில் போனால் மனு நிற்காது. பொதுத் தேர்தல் காலத்தில், வாக்காளரைப் பார்த்து "இவளுக்குப் போட்டால் சாமி தண்டிக்கும்" என்று மிரட்டியிருந்தால் அது வேறு கதை, தகாத செல்வாக்குப் பற்றி எங்கள் தேர்தல் சட்டங்களில் உண்டு. இப்போது நடப்பது சபைக்குள் தெரிவு. உங்களைக் கோயிலுக்குள்ளேயே விடாமல் தடுத்தால் எனக்கு உடனே சொல்லுங்கள், சொந்த மதத்தின் பொது வழிபாட்டிடத்துக்குப் போவதில் பால் அடிப்படையில் தடை கூடாது என்று 12(3)இல் இருக்கிறது.

சட்டத்துக்கு வெளியே வருவோம். "சாத்திரம் இடம் தராது" என்று அந்தப் பெரியவர் சொன்னபோது எந்தச் சாத்திரம் என்று நீங்கள் கேட்கவில்லை, மரியாதைக்காகப் பேசாமல் வந்துவிட்டீர்கள். நானும் சைவக் குடும்பத்தில் பிறந்தவள்தான். எங்கள் கோணேசர் மேல் பதிகம் பாடிய அதே திருஞானசம்பந்தர், மதுரையில் மங்கையர்க்கரசியாரைப் பெயர் சொல்லிப் போற்றிப் பாடினார். அரசன் வேறு சமயத்தில் இருந்தபோது சம்பந்தரை நாட்டுக்குள் அழைத்து, ஒரு நாட்டின் போக்கையே திருப்பிய அரசி அவர், அறுபத்து மூவரில் ஒருவராக எங்கள் கோயில் பிரகாரத்திலேயே நிற்கிறார். ஆகமம் பூசகருக்கு விதிகள் சொல்கிறது, கருவறைக்குள் யார் போகலாம் என்று சொல்கிறது, சந்தை ஏலத்துக்கு யார் கையெழுத்துப் போடலாம் என்று சொல்லவில்லை. திருகோணமலையில் நல்லது கெட்டது எதற்கும் முதலில் பத்திரகாளி அம்மனிடம்தான் ஓடுகிறோம், அந்த ஊரில் பெண் தலைமை ஆகாது என்று சொல்வதைக் கேட்க எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

ஆனால் காளாஞ்சிக்காக முதற்சண்டை பிடிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இதில் என்னோடு முரண்படுகிற பெண்கள் இருப்பார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. தவிசாளர் கோயில் மரியாதை வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, அது பழக்கம். "மரியாதையை யாருக்குக் கொடுப்பது என்பதைக் கோயில் தீர்மானிக்கட்டும், திருவிழாவுக்குத் தண்ணீர் பவுசரும் குப்பை வண்டியும் நேரத்துக்கு வரும், அது என் பொறுப்பு" என்று அந்தப் பெரியவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். உங்கள் சபையின் மாதர் சங்க அம்மாமார் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அன்னதானத்துக்கு அரிசி களைவதும் அவர்கள்தான், அந்தக் கோயிலில் அவர்கள் முகம் பார்த்து அவர் "இல்லை" சொல்வது லேசில்லை.

முஸ்லிம் உறுப்பினர்கள் விஷயத்தில் இன்னும் கவனம். ஒரு பெண்ணிடம் ஆட்சியை ஒப்படைத்த சமூகம் வெற்றியடையாது என்ற கருத்துள்ள ஹதீஸ் (நபிமொழி) ஒன்றைத்தான் அவர்களில் ஒருவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். பாரசீகத்தில் ஒரு அரசி பட்டத்துக்கு வந்த செய்தி கேட்டபோது சொல்லப்பட்டது என்று அது ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. அது எல்லாக் காலத்துக்குமா, அந்த நாட்டுக்கு மட்டுமா, நாட்டின் உச்சத் தலைமைக்கு மட்டுமா என்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. குர்ஆனின் நம்ல் அத்தியாயத்தில் சபா நாட்டு அரசி, ஆலோசனை கேட்டு நடக்கிற விவேகியாக வருகிறார். பெனாசிர் 1988இல் பாகிஸ்தானில் பிரதமரானார், எங்கள் கிழக்கிலேயே முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் அவர்கள் இறந்த பிறகு அவருடைய மனைவி பேரியல் அஷ்ரப் அமைச்சரானார். இதையெல்லாம் நான் உங்களுக்குத் தெரிவதற்காகச் சொல்கிறேன், நீங்கள் போய் அவர்களோடு ஹதீஸ் பேச வேண்டாம். வேற்று மதத்துக்காரி ஒருத்தி வந்து எங்கள் மார்க்கத்தை விளக்குகிறாள் என்று ஆகிவிட்டால் இருக்கிற அனுதாபமும் போய்விடும். அவர்கள் வட்டாரத்துச் சந்தைக் கட்டடமும் வீதியும் பற்றி என்ன செய்வீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். மார்க்கத்தை அவர்கள் வீட்டுப் பெண்கள் பேசுவார்கள், மாதர் சங்கத்தில் உங்களோடு கடன்காரரை எதிர்த்து நின்ற சகோதரிகள் அந்தப் பக்கமும் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். 2019 கடைசியிலிருந்து 2023 வரை கிழக்கு மாகாண ஆளுநராகத் திருகோணமலையில் இருந்தவர் ஒரு பெண், அனுராதா யஹம்பத். அவருடைய அரசியலோடு எங்களில் பலருக்கு உடன்பாடில்லை, ஆனால் பெண் என்பதால் அவருடைய கையெழுத்துச் செல்லாது என்று எந்தச் சமயத் தலைவரும் கோப்பைத் திருப்பி அனுப்பவில்லை. 1960இலேயே உலகின் முதல் பெண் பிரதமரைக் கண்ட நாடு இது. மேலிருந்து வருகிற பெண்ணை ஏற்கிறார்கள், பக்கத்து ஒழுங்கையிலிருந்து எழும்புகிற பெண்ணைத்தான் முடியவில்லை. ஆகவே இதை மதத்தின் தடை என்று மட்டும் நினைத்து மனம் உடைய வேண்டாம்.

அந்த ஐயாவின் பொய்

வெளியே சொல்லாதீர்கள். உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது, ஆனாலும் சொல்லாதீர்கள்.

உங்களிடம் இருப்பது ஊர்ப் பெரியவர்களின் ஞாபகம், ஆவணம் இல்லை. 2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டுவிட்டது, அதனால் அவதூறு என்று பொலிஸ் பிடிக்காது, ஆனால் நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம், நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில் விழும். சரி, நிரூபித்தாலும் என்ன நடக்கும்? அமெரிக்காவில் ரிச்சர்ட் புளூமென்தால் என்ற அரசியல்வாதி வியட்நாம் போரில் நின்றதுபோலப் பேசிவந்தார், அங்கே போகவே இல்லை என்பது 2010இல் பத்திரிகையில் அம்பலமானது, அதே வருடம் செனட்டுக்கு வென்றார். அதைவிட முக்கியமானது, "அவர் போகவில்லை" என்று நீங்கள் தொடங்கினால் அடுத்த கேள்வி "அப்ப நீ போனியா, எங்க நின்றாய், என்ன செய்தாய்" என்று உங்களிடம்தான் வரும். யார் உண்மையான போராளி என்ற போட்டிக்குள் நீங்களும் இறங்கியதாக ஆகும். இயக்கம் இன்னும் தடை செய்யப்பட்ட அமைப்பு, பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது, முகநூல் பதிவுக்காகப் பிடிக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் என் அலுவலக வாங்கில் இருந்து அழுததை நான் மறக்கவில்லை.

உங்கள் கதையை மறைக்கவும் வேண்டாம். கட்சிக் கூட்டத்தில் ஒரு தடவை, நீங்களாகவே, இரண்டு வரியில் சொல்லுங்கள்: படித்துக்கொண்டிருந்த பிள்ளையைக் கொண்டுபோனார்கள், காயப்பட்டவர்களுக்கு மருந்து கட்டினேன், திரும்பி வந்தேன். பெருமையும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். சீருடைப் படத்தை நீங்கள் எங்கும் பகிர வேண்டாம், "ஆம் நான்தான்" என்று வீரமாகப் போடவும் வேண்டாம்.

வாட்ஸ்அப் படம்

இது மட்டும் பொறுக்க முடியாத விஷயம். குரல் பதிவை அழிக்காமல் வையுங்கள், எந்தக் குழு, எந்த இலக்கம், எத்தனை மணி என்று தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், இன்னொரு போனிலும் ஒரு பிரதி. பொலிஸில் பெண்கள் சிறுவர் பிரிவில் முறைப்பாடு கொடுங்கள். தமிழில் எழுதும்படி கேட்பது உங்கள் உரிமை, சிங்களத்தில் எழுதிவிட்டு "கையெழுத்துப் போடுங்க அக்கா" என்றால் வாசித்துக் காட்டாமல் போடாதீர்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் அறிவிக்கலாம். "நீ முன்னாள் ஆள்தானே" என்று சொல்லி முறைப்பாட்டை ஏற்க மறுத்தால், அங்கேதான் நீங்கள் கேட்ட உயர் நீதிமன்றக் கதவு திறக்கிறது, பொலிஸ் செய்வது அரசின் செயல். ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது, அதே ஒரு மாதத்துக்குள் அங்கேயும் முறையிடலாம். நாளை எண்ணிக்கொண்டிருங்கள்.

ஒதுங்குவதா

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தீர்கள். அவர் தடுப்பதாக நான் வாசிக்கவில்லை, பயப்படுகிறார். 2009ஐக் கண்ட எவருக்கும் அந்தப் பயம் இருக்கும். முறைப்பாடு கொடுக்கப் போகும்போது அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பொலிஸ் உங்களோடு எப்படிப் பேசுகிறது என்று அவர் பார்க்கட்டும். அதன் பிறகும் அவர் "விட்டிடு" என்றால், அல்லது உங்களுக்கே இரவில் தூக்கம் வரவில்லை என்றால், இந்த முறை வேண்டாம் என்று முடிவெடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்காக நான் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டேன். ஆனால் கோயில் சொன்னதற்காகவோ, 84இல் பயிற்சி எடுத்தேன் என்ற ஒருவர் சொன்னதற்காகவோ ஒதுங்க வேண்டாம். என்னைக் கேட்டால் நில்லுங்கள் என்பேன்.

கட்சிச் செயலாளருக்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள்: தவிசாளர் வேட்பாளராக உங்கள் பெயரைப் பரிசீலிக்கும்படி, எந்த அடிப்படையில் தெரிவு நடக்கும் என்று எழுத்தில் அறிவிக்கும்படி. பதிவுத் தபாலில் போடுங்கள், பற்றுச்சீட்டை வையுங்கள். மாதர் சங்கத்தில் செய்த வேலைகளின் பட்டியலையும், உங்கள் முயற்சியால் தண்ணீர் கிடைத்த வீடுகளின் எண்ணிக்கையையும் அதோடு இணையுங்கள். தெரிவுக் கூட்டத்தின் அறிவித்தல் கையில் கிடைத்ததும் திகதியைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், புனர்வாழ்வு விடுவிப்புக் கடிதத்தின் பிரதி ஒன்றையும் வைத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் சட்டத்தரணி அக்கா